இத்தா அறையில் பிடித்த நுளம்பு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இந்தக் கரையில் என்னளவுக்கு நுளம்பு பிடித்த மனிதன் வேறொருவன் கிடையாது. தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். சாய்ந்தமருதில் கரைவலை இழுத்தவரின் மகன். அப்படிப்பட்டவன் ஒரு நுளம்பின் இறக்கையைப் பார்த்து அதன் லத்தீன் பெயரைச் சொல்லுகிற நிலைக்கு வந்தேன் என்றால், அல்லாஹ்வின் கிருபைக்கு அடுத்தபடியாக என் கண்ணையும் கையையும்தான் சொல்ல வேண்டும். அதற்கும் அடுத்தபடியாக இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் என் மேலதிகாரி. மற்றவர், முகமே தெரியாமல் என்னோடு வேலை செய்த ஒரு பெண்.

போன மாரியில் டெங்கு பார்க்க சுகாதாரப் பிள்ளைகள் எங்கள் வளவுக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண்பிள்ளை பூச்சட்டிக்குக் கீழே இருந்த தட்டைத் தூக்கிக் காட்டி, "ஹாஜியார், இதுக்குள்ள குடம்பி நெளியிது. டெங்கு நுளம்புட குடம்பிதான்" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். உள்ளே இருந்து என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஊரார்ர வீடெல்லாம் நுளம்பு தேடின மனிசன், தன்ட வளவ விட்டுட்டார்" என்றா.

அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் என் பழைய தொழில் தெரிய வந்தது. அவள் கேட்டாள்: "நாங்க வளவுக்குள்ள வாறதுக்கே சில வீட்டுல முகஞ்சுழிக்கிறாங்க. அந்தக் காலத்துல நீங்க எப்பிடி ஹாஜியார் படுக்கையறைக்குள்ள போய்ச் சுவரப் பாத்தீங்க?"

நல்ல கேள்வி. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் மலேரியாக் காய்ச்சல் எங்கள் பக்கம் ஆட்களைப் போட்டு உலுக்கியது. நான் முதலில் மருந்தடிக்கிற கூட்டத்தில் சேர்ந்தேன். தோளில் பம்பு, கையில் குழாய், வீடு வீடாக மலத்தியன் அடிப்பது. அந்த நாற்றத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சோற்றிலும் மணக்கும், தலையணையிலும் மணக்கும். எங்களைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள்.

ஒருநாள் பரமலிங்கம் ஐயா வேலையைப் பார்வையிட வந்தார். நுளம்பு ஆய்வுப் பகுதிக்குப் பொறுப்பானவர், யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைச் சட்டை, கறுத்தக் குடை, கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. அவரோடு வந்த ஆட்கள் சுவரில் இருந்த ஒரு நுளம்பைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்கப் போனார்கள். அது பறந்தது, வேறு இடத்தில் இருந்தது, திரும்பவும் பறந்தது. நான் அந்தக் குழாயை வாங்கி ஒரே முறையில் உறிஞ்சிக் கொடுத்தேன்.

"உமக்கு உதை ஆர் காட்டித் தந்தது?" என்று கேட்டார்.

"ஆரும் இல்ல ஐயா. வீச்சுவலை போடுறவனுக்குத் தெரியுந்தானே, நிழல் விழுந்தா மீன் ஓடிரும். நுளம்பும் அப்பிடித்தான். நான் நிழல அதுல விழுத்தல்ல."

அடுத்த மாதமே நான் ஆய்வுப் பகுதி ஆள். வீட்டில் ஒரு சந்தோஷமும் இல்லை. பெண் கேட்டுப் போன இடத்தில் மாமனார் என் வாப்பாவிடம் கேட்டாராம்: "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" வாப்பா, "அரசாங்கத்துக்கு நுளம்பு பிடிச்சுக் குடுக்கிறார்" என்றாராம். "அரசாங்கத்துக்கு அது என்னத்துக்காம்?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். பிறகு அதே மாமனார் என்னைப் பற்றிப் பள்ளிவாசலில் பெருமை பேசியது தனிக்கதை.

வேலையை விளங்கப்படுத்துகிறேன். விடிந்ததும் வீடுகளுக்குப் போவோம். இரவில் ரத்தம் குடித்த நுளம்பு காலையில் சுவரில், கட்டிலுக்கடியில், தொங்கும் சாரத்தில் அசையாமல் இருக்கும். கண்ணாடிக் குழாய் ஒன்று, அதன் பின்னால் ரப்பர் குழாய், இரண்டுக்கும் நடுவில் சின்ன வலை. ரப்பர் முனையை வாயில் வைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, கண்ணாடி முனையை நுளம்புக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒரு சின்ன மூச்சு இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் கால் உடையும், இறக்கை உதிரும். பிறகு அதைக் கடதாசிக் கோப்பைக்குள் மெல்ல ஊதிவிட்டு, வலைமூடியின் ஓட்டையைப் பஞ்சால் அடைத்து, வீடு, அறை எல்லாம் எழுதிய துண்டை ஒட்டி, ஈரத்துணி சுற்றிய பெட்டியில் வைக்க வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் நுளம்பு செத்துவிடும்.

சில வீடுகளில் நிலமெல்லாம் வெள்ளைச் சீலை விரித்து, கதவைச் சாத்திப் பூச்சிமருந்து தூவி, விழுகிற நுளம்புகளைச் சீலையிலிருந்து பொறுக்குவோம். வெளியில் வாய்க்கால், வயல், குழி எல்லாம் அகப்பையால் அள்ளிக் குடம்பி பார்ப்போம். எந்த இனம், எவ்வளவு, எங்கே. எங்கள் தொழிலின் சாரம் அவ்வளவுதான். ஏனென்றால் எல்லா நுளம்பும் மலேரியா கொண்டுவராது. இங்கே அதைக் கொண்டுவருகிற முக்கியமான ஆள் அனோபிலிஸ் குலிசிபேசிஸ். எங்கள் வாய்க்குள் அது 'குலிசி'. சின்ன உருவம். மற்ற அனோபிலிஸ் மாதிரிப் பின்பக்கத்தை நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்காது, சுவரோடு ஒட்டினாற்போல இருக்கும். புதிய ஆட்கள் அதைச் சாதாரண நுளம்பு என்று விட்டுவிடுவார்கள். நான் விட்டதில்லை.

பரமலிங்கம் ஐயா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கழுத்தில் தொங்கும் அந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளே நுழைய முன்னர் குடையோடு வீட்டைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டுத்தான் ஸலாம் சொல்லுவார். ஆம், எங்கள் ஊர்களில் ஸலாம்தான் சொல்லுவார்.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கோப்பை. அறையில் நுளம்பே இல்லாவிட்டாலும் வெறுங்கோப்பையில் துண்டு ஒட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். எனக்கு அது வீண்வேலையாகத் தெரிந்தது.

"வெறுங்கோப்பைய என்னத்துக்கு ஐயா ஈரத்துணி சுத்திச் சுமக்கிற?" என்று கேட்டேன்.

"ஆதம்பாவா, பார்த்து இல்லாதது ஒண்டு. பாராமல் விட்டது வேறை ஒண்டு. ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சால் நாங்கள் வீட்டை இருக்கலாம்" என்றார்.

இனி நிந்தவூர்க் கதை. ஊரின் மேற்குப் பக்கம், வயல் தொடங்குகிற இடத்தில் ஓர் ஒழுங்கை. அந்த ஒழுங்கையில் காய்ச்சல் நிற்கவில்லை. குளிசை குடித்தால் விடும், பிறகு திரும்பி வரும். மருந்தடித்து அதிக காலம் ஆகவில்லை. வீட்டு வாசல்களில் அடித்து முடிந்த அடையாளமும் இருந்தது. பக்கத்தில் செங்கல் அறுத்த குழிகளில் தெளிந்த தண்ணீர். அதில் அகப்பை போட்டால் குலிசியின் குடம்பி தாராளமாக வந்தது. ஆனால் வீடுகளில் வளர்ந்த நுளம்பைத் தேடினால் ஒன்றுமில்லை. சீலை விரித்தும் பார்த்தோம். எல்லாம் வெறுங்கோப்பை.

"குஞ்சு இருக்கு, தாயைக் காணேல்லை" என்றார் ஐயா. "இன்னொண்டு கவனிச்சீரோ? வேறை இடங்களிலை வயலிலை காவல் இருக்கிற ஆம்பிளையளுக்குத்தான் காய்ச்சல். இஞ்சை ஏன் பொம்பிளையளுக்கு?"

அது உண்மைதான். காய்ச்சல்காரர்களில் மிகவும் மோசமாக இருந்தவள் ஆமினா. முதல் பிள்ளை வயிற்றில், மாதம் ஏறிவிட்டது. வாய்க்கு ருசியில்லை, முகம் வெளுத்து, எழுந்து நடக்கக் கையால் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு காய்ச்சல் வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளுடைய புருஷன் அலியார் வயலுக்கும் போகாமல் வாசலிலேயே குந்திக்கொண்டிருந்தான்.

மருந்தடிக்கிற கூட்டம் கோமாரிப் பக்கம் போவதற்கு ஆயத்தமாக இருந்தது. வீட்டுக்குள் குலிசி இருக்கிறது என்று நாங்கள் காட்டாவிட்டால் அவர்களை அந்த ஒழுங்கைக்குத் திருப்ப முடியாது. போனால் உடனே திரும்பி வரவும் மாட்டார்கள். அலியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காக்கா, ஒரு நுளம்பக் காட்டினாப் போதுமெண்டா எங்கயாவது புடிச்சுக் காட்டுங்களன். ஆருக்குத் தெரியும்?" என்றான்.

"எனக்குத் தெரியும் தம்பி. ஐயாவுக்கும் தெரியும். இல்லாத இடத்துக்கு மருந்தடிச்சா, இரிக்கிற இடத்துல அது இரிக்குந்தானே" என்றேன்.

அன்று காலை ஐயா வழக்கம்போலக் குடையோடு அலியாரின் வீட்டைச் சுற்றி வந்தார். பின்பக்கம் ஒரு யன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டார். யன்னல் சாத்தியிருந்தது. இடுக்குத் தெரியாமல் சாக்கும் அடித்திருந்தது.

"இந்த யன்னலுக்குரிய கோப்பை எங்கை, ஆதம்பாவா?"

"ஐயா, அது இத்தா அறை."

அவருக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். புருஷன் மௌத்தானால், அதாவது இறந்தால், பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் ஒதுங்கி இருப்பா. வெள்ளை உடுப்பு. பிற ஆண்களின் கண்ணில் படமாட்டா. எங்கள் ஊர்களில் அதற்கென்று ஓர் அறையை இருட்டாக்கி, வாசலில் வெள்ளைத் திரை போட்டுவிடுவார்கள். இந்த வீட்டில் ஆமினாவின் உம்மா சீனத்தும்மா இத்தா இருக்கிறா.

மருந்தடிக்கும்போது வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் முற்றத்துக்கு வர வேண்டும். இத்தாவில் இருக்கிற பெண் எப்படி முற்றத்துக்கு வருவா? மருந்தடித்த பொடியன்களும் எங்கள் ஊர்ப் பொடியன்கள். அந்தத் திரையைக் கண்டதும் குனிந்த தலையோடு விலகி, மற்ற இடமெல்லாம் அடித்து, வாசலில் அடையாளம் போட்டுப் போய்விட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது நுளம்பு பார்க்கிற அறை என்ற எண்ணமே வராது. அதுதான் மரியாதை.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமாக இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை, யோசனை.

"உந்த அறைக்குள்ளை ஆர் போய்வாறது?"

"பொம்புளையள் மட்டுந்தான் ஐயா. ஒழுங்கையில உள்ளவங்க துணைக்கு வந்து இருப்பாங்க. ஆமினா ராவைக்கு உம்மாவோடதான் படுக்கிற."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் விளங்கிவிட்டது. பெண்களுக்கு மட்டும் ஏன் காய்ச்சல் என்ற கேள்விக்கு விடை அந்தச் சாக்குக்குப் பின்னால் இருந்தது. வேறோர் அதிகாரி என்றால் கதவைத் திற என்று கட்டளை போட்டிருப்பார். ஐயா, "உங்கடை வழக்கம் எனக்குத் தெரியாது. இனி நீர் சொல்லுறபடி செய்வம்" என்று ஓர் அடி பின்னுக்கு நின்றார். என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பதவி உயர்வு அந்த ஓர் அடிதான்.

அலியார் சம்மதிக்கவில்லை. "மாமிட அறைக்க ஒரு ஆம்பிள தலைய நீட்டினா ஊரு என்ன கதைக்கும் காக்கா?"

"தலைய நீட்டல்ல. திரைக்கு இஞ்சால இருந்து கதைக்கிறன். நீயும் பக்கத்துல இரி."

திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்து ஸலாம் சொன்னேன். உள்ளே இருந்து பதில் வந்தது, கூடவே ஒரு கேள்வியும்.

"ஆர்ர மகன் நீங்க?"

"சாய்ந்தமருது, கரைவலை மீராலெப்பைட மகன் ராத்தா."

"அவர்ர மகனா? அவர்ர சூடை மீன நாங்க எவ்வளவு திண்டிரிப்பம். நீங்க ஏன் தம்பி மீன விட்டுட்டு நுளம்புக்குப் போன? நுளம்பு பொரிச்சுத் தின்னவும் ஏலாதே."

அலியார் கூடச் சிரித்துவிட்டான். நான் விஷயத்தைச் சொன்னேன். யாராவது ஒரு பெண் உள்ளே போய் நுளம்பு பிடித்துத் தர வேண்டும் என்றேன்.

"வேற ஒரு பொம்புள என்னத்துக்கு? எனக்கு இஞ்ச என்ன வேல? சுவரப் பாத்துட்டுத்தானே இரிக்கன். அந்தக் குழாய இஞ்ச தாங்க."

குழாய், டோர்ச், கோப்பை எல்லாவற்றையும் திரைக்கடியால் தள்ளினேன். முகம் காணாமல், கை காணாமல், வெறும் வாயால் ஒரு தொழிலைச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. அதை நான் செய்தேன்.

"மெல்ல உறிஞ்சணும் ராத்தா. நடுவுல வலை இரிக்கி, வாய்க்குள்ள போகாது."

"போனா?"

"போனா நோன்பு முறியும்."

"இப்ப நோன்பில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

முதலில் ஒரு சிலந்திக் குஞ்சு வந்தது. பிறகு கால் உடைந்த ஒரு குலெக்ஸ், மலேரியா கொண்டுவராத இனம். "நிழல விழுத்தாதீங்க. டோர்ச்சப் பக்கத்தால அடிங்க" என்றேன். கனநேரம் கழித்து, "தம்பி, சாக்குக்குப் பின்னால சின்னச் சின்னதா நிறைய தூங்குது. எல்லாத்தையும் எழுப்பவா?" என்றா.

"எழுப்பாம எடுங்க."

கோப்பை திரைக்கடியால் வந்தது. தூக்கிப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஐயாவிடமே கொடுத்தேன். ஐயா முற்றத்து வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "குலிசி" என்றார். எல்லாவற்றின் வயிறும் சிவந்து பருத்திருந்தது.

திரைக்குப் பின்னால் இருந்து கேள்வி வந்தது. "அது வகுத்துல இரிக்கிற ஆர்ர ரத்தம் தம்பி?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "உங்கட, இல்லாட்டி உங்கட மகள்ட."

பிறகு குரல் வேறு மாதிரி வந்தது. "எனக்கும் காயுது தம்பி. இடைக்கிடை நடுக்கமும் வருது. சொன்னா ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போவீங்க எண்டு சொல்லல்ல. என்ட புள்ளைய நானே கிட்ட வெச்சுக் கடிக்கக் குடுத்திரிக்கன்."

ஆமினா திரையை விலக்கி உள்ளே போனாள். இரண்டு பேரும் அழுவது கேட்டது. அலியார் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான்.

அன்றே சீனத்தும்மாவின் விரலில் ஆமினா ஊசி குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துத் தந்தாள். மலேரியாதான். குளிசை கொடுத்தோம். ஐயா மருந்துக் கூட்டத்தை மறித்துத் திருப்ப ஆள் அனுப்பினார். நான் ழுஹர் தொழுகைக்குப் பின் மௌலவியைப் போய்க் கண்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மார்க்கம் அவங்கள வீட்டுக்குள்ள இரிக்கச் சொல்லியிரிக்கி. யன்னலுக்குச் சாக்கு அடிக்கச் சொல்லல்ல. அது நாம அடிச்ச சாக்கு. அதே வீட்டுல வேற அறைக்குப் போகட்டும். நோயெண்டா ஆசுபத்திரிக்கும் போகலாம். அவங்களுக்குச் சொல்லுங்க, பயப்பட வேணாமெண்டு."

மருந்துக் கூட்டம் வந்தது. இத்தா அறையிலிருந்து முன்னறைக்கு நடுவில் கூடம். கூடத்தில் ஆண்கள் நிற்கிறார்கள். மறைத்துப் பிடிக்க வீட்டிலிருந்த துணிகள் எல்லாம் சின்னன். நான் எங்கள் வண்டிக்குப் போய், நுளம்பு பொறுக்க விரிக்கிற வெள்ளைச் சீலைகளை எடுத்து வந்தேன். ஒழுங்கைப் பெண்கள் அதை இரண்டு பக்கமும் உயர்த்திப் பிடித்தார்கள். பம்பு தூக்கிய பொடியன்களும் நானும் ஐயாவும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். சீலைச் சுவர் மெல்ல நகர்ந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் சீனத்தும்மாவின் குரல் போனது.

"என்னயும் சீலையில பொறுக்கித்தான் எடுக்கணுமா தம்பி?"

ஐயாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுவரைப் பார்த்தபடியே தோள் குலுங்கியது.

சாக்கைக் கழற்றி, யன்னலைத் திறந்து, அறை முழுக்க மருந்தடித்தார்கள். ஒழுங்கையில் இன்னும் இரண்டொரு வீடுகளில் நோயாளிகளுக்கென்று மூடிவைத்த அறைகள் இருந்தன. அவற்றையும் கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அதன் பிறகு எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் வந்தது. எந்த வீட்டிலும் முதலில் பெண்களிடம், "மூடின அறை இரிக்கா?" என்று கேட்போம். அந்தக் கேள்வியை இந்த மாவட்டத்தில் முதலில் கேட்டவன் நான்.

எங்கள் குழாயைச் சீனத்தும்மா திருப்பித் தரவில்லை. நாங்கள் அந்தப் பக்கம் போகும் காலைகளில் திரைக்கடியால் கோப்பை வரும். முதலில் ஒன்று இரண்டு, பிறகு மருந்து பட்டுச் செத்துக்கொண்டிருப்பது ஒன்று. ஆமினாவுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. அவள் முகத்தில் நிறம் ஏறியது. பெண்பிள்ளை பிறந்தது, எடை கொஞ்சம் குறைவு, ஆனால் சத்தம் ஒழுங்கை முடியும் வரைக்கும் கேட்டது.

இன்றைக்கு இந்த நாட்டில் மலேரியா இல்லை. என் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நடுக்கம் என்னவென்றே தெரியாது. அதில் என் மூச்சும் கலந்திருக்கிறது என்று நான் சொல்லும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். குழாயில் இழுத்த மூச்சைத்தான் சொல்கிறேன். பரமலிங்கம் ஐயா எண்பதுகளில் மாற்றலாகிப் போனார். பிறகு நான் காணவில்லை. எங்கே இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

இத்தா முடிந்த நாளில் அலியார் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். சாப்பிட்டு எழும்போது உள்வாசலில் பூப்போட்ட சீலையில் முக்காடு போட்ட ஒரு பெண் வந்து நின்றா. யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவ கோப்பையை நீட்டிய பிறகுதான் தெரிந்தது. அது வெறுங்கோப்பை. அதில் ஒட்டிய துண்டில் அரபு எழுத்தில் தமிழ் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் பலருக்கும் தெரிந்த எழுத்து அதுதான்.

ஐயா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "வாசியும்."

ஓதப்பள்ளியில் படித்தது அன்று கைகொடுத்தது. வாசித்தேன்.

"எல்லா அறையும் பாத்தன். இல்ல."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பிறகு அந்தக் கோப்பையை வாங்கி, மூடியில் பஞ்சை வைத்து அடைத்து, உயிருள்ள நுளம்புக்குச் செய்வதுபோலவே ஈரத்துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.